போர் மோட்டாரை எப்போது மேலே எடுப்பது, எடுத்தால் எதை மாற்றுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாலக்கோடு பக்கம் 900 அடி போர். 720 அடியில் 7.5 எச்.பி. த்ரீ பேஸ் சப்மெர்சிபிள், இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பில் இறக்கி நாலு வருஷம் ஆகிறது. தக்காளிக்குப் பாய்கிற தண்ணீர் குறைந்துவிட்டது. மெக்கானிக் "மேலே எடுத்து இம்பெல்லர், புஷ், த்ரஸ்ட் பேரிங் எல்லாத்தையும் மாத்திடலாம்" என்கிறார். (இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும் சக்கரம். புஷ் என்பது ஷாஃப்ட்டை, அதாவது சுற்றும் தண்டை, ஆடாமல் பிடிக்கும் வளையம். த்ரஸ்ட் பேரிங் அந்தத் தண்டின் பாரத்தைக் கீழிருந்து தாங்குவது.) பக்கத்துக் கொல்லைக்காரர் "ஓடுற மோட்டார்ல கை வைக்காதே" என்கிறார். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தது பம்ப் தேய்ந்ததாலா என்பது முதலாவது. ஏதோ ஒரு காரணத்துக்காக மேலே வந்துவிட்டால் எதை மாற்றுவது, எதை விடுவது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதுக்குப் பணம் செலவழிப்பதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிறது.

வருஷக் கணக்கு எதுவும் கிடையாது. தெளிந்த தண்ணீர், ஒழுங்கான வோல்டேஜ், தண்ணீர் வற்றாத போர் என்றால் எட்டு பத்து வருஷம் திறக்காமலே ஓடும். மணல் வருகிற போரில் ஒரே கோடையில் இம்பெல்லரின் கழுத்து தேய்ந்துபோகும். ஆகவே அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் செட்டை எடுக்க 36 பைப் கழற்றி, மறுபடி 36 பைப் மாட்ட வேண்டும். வண்டி வாடகையும் ஆள் கூலியும் பெரும்பாலான சில்லறைப் பாகங்களின் விலையைவிட அதிகம். விவசாயக் கரண்ட் இலவசம் என்பதால் தேய்ந்த பம்ப் எவ்வளவு கரண்டை வீணாக்கினாலும் பில்லில் தெரியாது. த்ரீ பேஸ் இருக்கிற நேரத்துக்குள் எத்தனை சால் நனைந்தது என்பதில்தான் அந்த நஷ்டம் தெரியும்.

அளக்க வேண்டியது மூன்று. ஒன்று, தண்ணீர். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 130 நொடி என்றால் நிமிடத்துக்கு 92 லிட்டர். 180 நொடி என்றால் 67 லிட்டர். "முக்கால் பைப் வருது, அரை பைப் வருது" என்ற கணக்கை நம்ப வேண்டாம். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே அது மாறிவிடும். இரண்டு, மூன்று ஒயரிலும் தனித்தனியாக ஆம்பியர், அந்த நேரத்து வோல்டேஜோடு சேர்த்து. ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் மீட்டர் பெரும்பாலும் ஒரு பேஸை மட்டுமே காட்டும். கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலக்ட்ரீசியன் எல்லோரிடமும் இருக்கும். 7.5 எச்.பி.க்கு முழு லோடில் 13 முதல் 15 ஆம்பியர் வரும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த் தகட்டில் இருக்கிறது. தகடு 720 அடிக்குக் கீழே இருப்பதால் வாங்கிய பில்லையோ புத்தகத்தையோ பாருங்கள். மூன்று, தண்ணீர் மட்டம். ஓய்வில் எத்தனை அடியில் நிற்கிறது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கோர் ஒயரின் நுனியில் செம்பைக் கொஞ்சம் வெளியே விட்டு, மேலே மல்டிமீட்டரில் ஓம் வைத்து இறக்கினால், தண்ணீர் தொட்டதும் முள் அசையும். ஒயர் கேபிளோடு சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மெதுவாக இறக்குங்கள், முறுக்கிக்கொண்டே இறக்காதீர்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், அடுத்த தடவை மோட்டார் இறக்கும்போது அரை அங்குலக் குழாய் ஒன்றையும் கூடவே கட்டி இறக்கிவிடுங்கள். ஒயரை அதன் வழியாக விடலாம்.

இந்த மூன்றில் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசே ஆகாது. ஆறு மணி நேரமாவது மோட்டாரை நிறுத்தி வையுங்கள். பிறகு போட்டு, குழாயில் காற்று போனதும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் டிரம் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு டிரம். முதல் டிரம் பழைய வேகத்தில் நிரம்பி, இரண்டாவது இழுத்தால், குழாய் வாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால், ஆம்பியரும் கூடவே இறங்கினால் பம்புக்கு ஒன்றும் இல்லை. போரில் ஊற்று குறைந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கடினப் பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் வருகிறது. ஒரு வெடிப்பு வற்றினால் அந்த அளவு தண்ணீர் அப்படியே குறையும். எல்லா இம்பெல்லரையும் புதிதாகப் போட்டாலும் வராது. புது பம்ப் இன்னும் வேகமாக உறிஞ்சி, இன்னும் சீக்கிரம் காற்று வாங்கும். முதல் டிரம்மே மெதுவாக நிரம்பினால்தான் பம்பையோ பைப்பையோ சந்தேகப்பட வேண்டும். ஒப்பிடும்போது மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எடுத்த அளவை மே மாத அளவோடு வைத்துப் பார்த்தால் நல்ல பம்பும் தேய்ந்ததாகத் தெரியும்.

இன்னொரு இலவசச் சோதனை, சுற்றும் திசை. ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய பிறகோ லைன் வேலை நடந்த பிறகோ தண்ணீர் குறைந்ததென்றால், பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கலாம். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் பம்ப் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் அதிகமோ அதுதான் சரி. ஒயர் மாற்றும் முன் மெயின் ஆஃப் செய்து ஃப்யூஸையும் பிடுங்கிவிடுங்கள்.

இனி ஆம்பியரைப் படிப்பது. 700 அடிக்குத் தள்ளுகிற, ஸ்டேஜ் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இம்பெல்லர் அடுக்கு) அதிகமுள்ள பம்புகளில் பொதுவாகத் தண்ணீர் குறைந்தால் ஆம்பியரும் குறையும். இரண்டும் குறைந்தால் மட்டம் இறங்கியிருக்கலாம், சல்லடை அடைத்திருக்கலாம், இம்பெல்லருக்குள் உப்புப் படிந்திருக்கலாம். தண்ணீர் குறைந்து, ஆம்பியர் பழையபடியே இருந்தால் அல்லது கொஞ்சம் ஏறினால் பைப்பில் ஓட்டை என்பது முதல் சந்தேகம். பம்ப் முழு வேலையும் செய்கிறது, தண்ணீர் வழியிலேயே போருக்குள் திரும்பி விழுகிறது. தண்ணீரே வராமல் ஆம்பியர் வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கோ ஷாஃப்ட்டோ உடைந்து மோட்டார் வெறுமனே சுற்றலாம். பம்ப் தண்ணீருக்கு மேலே நின்றாலும் இப்படித்தான் காட்டும். ஆம்பியர் நன்றாக ஏறி, ஓவர்லோட் தட்டி, பைப்பைத் தொட்டால் அதிர்வும் தெரிந்தால் உள்ளே உரசுகிறது: புஷ், த்ரஸ்ட் அல்லது மணல். ஒரு எச்சரிக்கை: வோல்டேஜ் 350-க்கும் கீழே விழுந்தாலும் ஆம்பியர் ஏறும். வோல்டேஜைக் குறிக்காமல் எழுதிய ஆம்பியருக்கு மதிப்பில்லை.

மூன்று பேஸ் ஆம்பியரும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டால் சராசரி எடுங்கள். 13, 14, 15 என்றால் சராசரி 14. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 1. அது 7 சதவீதம். முழு லோடில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். கோளாறு கீழேயா மேலேயா என்று கண்டுபிடிக்க, ஸ்டார்ட்டரிலிருந்து போருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஒவ்வொரு இடம் தள்ளிப் போடுங்கள்: முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலாவதுக்கு. மூன்றையும் சேர்த்துத் தள்ளுவதால் திசை மாறாது. அதிக ஆம்பியர் அதே இ.பி. பேஸிலேயே நின்றால் குற்றம் லைனில் அல்லது ஸ்டார்ட்டரில். ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் கேபிள், ஜாயிண்ட் அல்லது வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி). லைன் வோல்டேஜ் ஒரு சதவீதம் ஏற்றத்தாழ்வாக இருந்தாலே ஆம்பியர் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் ஏற்றத்தாழ்வாகும் என்பதால், மோட்டாரைப் பழிக்கும் முன் ஸ்டார்ட்டரைத் திறந்து பாருங்கள். கரண்டை இணைத்துப் பிரிக்கும் கான்டாக்டர் பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால், ஓடும்போது ஒவ்வொரு போலுக்கும் (ஒரு பேஸ் போகும் வழி) மேல் முனை, கீழ் முனை நடுவே வோல்ட் அளந்தால் நல்ல போல் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், கெட்ட போல் வோல்ட் கணக்கில் காட்டும். இந்தச் சோதனை கரண்ட் இருக்கும்போது செய்வது, எலக்ட்ரீசியனை விட்டே செய்யுங்கள். மொத்த செட்டிலும் மேலே நின்றபடியே மாற்றக்கூடிய தேய்மானப் பாகம் இந்தப் பாயிண்ட் ஒன்றுதான். இதை அலட்சியம் செய்துதான் பல வைண்டிங் கருகுகிறது.

பம்ப் உண்மையில் தேய்ந்ததா என்று மேலிருந்தே சொல்ல ஒரு நல்ல சோதனை உண்டு. தலைப் பைப்பில் 25 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜும் ஒரு வால்வும் வேண்டும். வால்வு ஜி.ஐ. தலையிலேயே இருக்க வேண்டும், பி.வி.சி. லைனுக்கு அப்பால் இருக்கிற வால்வை மூடினால் லைன் வெடிக்கும். ஓய்வு மட்டத்தை அளந்துகொண்டு, மோட்டாரைப் போட்டு, வால்வை முழுக்க மூடி, முள் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. ஒரு கிலோ அழுத்தம் என்பது பத்து மீட்டர் உயரம். மட்டம் 400 அடி, அதாவது 122 மீட்டர், கேஜ் 14 கிலோ என்றால் மொத்தம் 262 மீட்டர். கம்பெனி அட்டவணையில் உங்கள் மாடலுக்குத் தண்ணீர் போகாத நிலையில் 300 மீட்டர் என்று போட்டிருந்தால், 13 சதவீதம் குறைகிறது. வால்வை மூடியபடியே மோட்டாரை ஆஃப் செய்யுங்கள். முள் அப்படியே நின்றால் பைப்பும் என்.ஆர்.வி.யும் (தண்ணீர் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வு) நல்லபடி இருக்கின்றன, குறை பம்புக்குள். முள் மளமளவென்று இறங்கினால் ஓட்டை பைப்பிலோ என்.ஆர்.வி.யிலோ இருக்கிறது, போர் வாயில் காது வைத்தால் தண்ணீர் விழும் சத்தமும் கேட்கலாம். அட்டவணை கையில் இல்லாவிட்டால், புதிதாக இறக்கிய அன்றே இந்த அளவை எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். என் கணக்கில் பத்து சதவீதம் வரை விட்டுவிடலாம். பதினைந்தைத் தாண்டினால், தண்ணீரும் போதவில்லை என்றால் எடுக்கலாம். இது அனுபவத்தில் வந்த எல்லை, கம்பெனி விதி அல்ல.

வைண்டிங், கேபிள் நிலைமைக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும் மீட்டர்) வேண்டும். ஸ்டார்ட்டரில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். போருக்குள் கேபிளோடு சேர்த்து 2 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 0.5-க்கும் 2-க்கும் நடுவே என்றால் பழைய மோட்டார், ஓடும். 0.5-க்குக் கீழே போனால் கெட்டுக்கொண்டிருக்கிறது. அது தானாக நிற்கும்வரை காத்திருந்தால் காய் பிடிக்கிற நேரத்தில்தான் நிற்கும். ஒரே ஒரு அளவைவிட, போன வருஷம் 20, ஆறு மாதம் முன்பு 5, இப்போது 1 என்று இறங்கும் போக்குதான் அதிகம் சொல்லும்.

மேலிருந்து எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. இம்பெல்லர் தேய்ந்ததா, உப்புப் படிந்ததா என்று திறந்தால்தான் தெரியும். த்ரஸ்ட் பேரிங்கின் கார்பன் தட்டில் எவ்வளவு மிச்சம் என்பதும் மேலே எடுத்தால்தான் தெரியும். தலைப் பைப்பைத் தொட்டுப் பார்த்தே "த்ரஸ்ட் போச்சு" என்று அடித்துச் சொல்பவர் ஊகத்தில்தான் சொல்கிறார்.

சரி, எடுத்தாகிவிட்டது. கழற்றும்போதே ஒவ்வொரு பைப்பையும் பாருங்கள். மட்டம் ஏறி இறங்கும் பகுதியில், அதாவது நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற பைப்புகளில்தான் துரு அதிகம். மற்றவை நன்றாக இருந்தாலும் அந்த நாலைந்து பைப்பில் மரையின் அடியில் குழி விழுந்திருக்கும். மேல் பைப் மரைதான் மொத்தத்தையும் தாங்குகிறது. சிவப்புக் கோடு போட்ட ஹெவி பைப் மீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல். 720 அடிக்கு 1,300 கிலோவைத் தாண்டும், உள்ளே நிற்கும் தண்ணீர் இன்னொரு 450 கிலோ, பம்பும் மோட்டாரும் தனி. மேல் இரண்டு பைப்பின் மரையும் சாக்கெட்டும் சந்தேகமாக இருந்தால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். அது அறுந்தால் மோட்டாரோடு போரும் போகும்.

யோசிக்காமல் மாற்ற வேண்டியவை எல்லாம் ரப்பரும் ஜாயிண்டும். என்.ஆர்.வி. வாஷர், மோட்டார் தலையில் இருக்கும் ஆயில் சீல், மணல் தடுப்பு ரப்பர், மோட்டார் அடியில் இருக்கும் டயாஃப்ரம், ஓ-ரிங்குகள், கேபிள் ஜாயிண்ட். மோட்டாரைத் திறந்துவிட்டால் இவற்றில் எதையும் பழையதாகத் திரும்பப் போடக் கூடாது. டயாஃப்ரத்தின் வேலை, உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுப்பது. அது கிழிந்தால் போர்த் தண்ணீர் சேற்றோடு உள்ளே போகும். புஷ் தேயும், அடுத்து த்ரஸ்ட். சின்ன ரப்பர் ஒன்றுக்காக அடுத்த வருஷம் மறுபடி 36 பைப் கழற்ற வேண்டி வரும்.

அளந்து மாற்ற வேண்டியவை பம்புக்குள் இருக்கின்றன. இம்பெல்லரின் கழுத்தும் பவுலில் (இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூடு) உள்ள வியரிங் ரிங்கும் (தேய்வதற்கென்றே போட்ட வளையம்) சேர்கிற இடம்தான் முக்கியம். அந்த இடைவெளி பெரிதானால், தள்ளிய தண்ணீர் மறுபடி உறிஞ்சும் பக்கமே திரும்பி வரும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தால் மேலே வருவதற்குள் பெரிய இழப்பு. வெர்னியரில் கழுத்தின் வெளி விட்டம், ரிங்கின் உள் விட்டம் இரண்டையும் எடுத்துக் கழியுங்கள். நாலு பக்கமும் அளக்க வேண்டும். தேய்மானம் பெரும்பாலும் வட்டமாக இருக்காது, கோழிமுட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். இடைவெளி புதிதில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கானால் மாற்றலாம் என்பது பம்புத் தொழிலில் பொதுவான விதி. புதிதில் 0.4 மி.மீ. என்றால் 0.8-ல் மாற்றுங்கள். அடி ஸ்டேஜ், நடு ஸ்டேஜ், மேல் ஸ்டேஜ் என மூன்றில் அளந்தால் போதும், மொத்தமும் தெரிந்துவிடும். ஃபைபர் இம்பெல்லர் என்றால் விலை குறைவு, ஒன்று போனால் செட்டாகவே போட்டுவிடலாம். கன்மெட்டல் (வெண்கல வகை) என்றால் இம்பெல்லர் கழுத்தை லேத்தில் லேசாகக் கடைந்து, அதற்குப் பொருந்தும் ரிங்கைப் போட்டுப் பழைய இடைவெளியைக் கொண்டுவரலாம். தேய்ந்த ரிங்கில் புது இம்பெல்லர் மட்டும் போடுவது பாதி வேலை. கேட்டால் "இம்பெல்லர் மாத்தியாச்சு, தண்ணி வரலை" என்பார்கள்.

இம்பெல்லர் எந்த முகத்தில் உரசியிருக்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள், ஏன் தேய்ந்தது என்று அதுவே சொல்லும். அடிமுகம் உரசியிருந்தால் ஷாஃப்ட் கீழே இறங்கியிருக்கிறது, அதாவது மோட்டாரின் த்ரஸ்ட் கார்பன் தேய்ந்திருக்கிறது. மேல்முகம் உரசியிருந்தால் பம்ப் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளி, இம்பெல்லர்கள் மேலே தூக்கப்பட்டிருக்கின்றன. காலிப் பைப்போடு வால்வை முழுக்கத் திறந்து ஸ்டார்ட் செய்வதாலும், தேவைக்கு மேல் ஹெட் (தள்ளும் உயரம்) உள்ள பம்பைப் போட்டதாலும் இது வரும். இந்த இரண்டாவது விஷயத்தில் த்ரஸ்ட் மாற்றிப் பயனில்லை. வால்வைக் கால்வாசி திறந்து ஸ்டார்ட் செய்து, தண்ணீர் வந்த பிறகு திறக்கப் பழகுவதுதான் மருந்து.

த்ரஸ்ட் பேரிங்கைத் திறக்காமல் அளக்க ஒரு வழி: மோட்டார் ஃபிளேஞ்சின் முகத்திலிருந்து ஷாஃப்ட் நுனி வரை உயரம் பாருங்கள். நெமா என்ற அமெரிக்கத் தர அளவில் செய்த 6 அங்குல மோட்டாரில் அது 73 மி.மீ. மற்ற மாடல்களில் கம்பெனி சொல்லும் அளவு. ஒரு மில்லி இறங்கியிருந்தால் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் கார்பன் தட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் தொடாதீர்கள், அது பதிந்து ஓடிய முகம்; புதிதை விட நல்லது. நகம் சிக்குகிற கோடு, விளிம்பில் சில்லு, வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். அப்போது கார்பன் மட்டும் மாற்றி, கீழே உள்ள எஃகுத் துண்டுகளைப் பழையபடி விடக் கூடாது, இரண்டும் ஜோடி. ஷாஃப்ட்டில் புஷ் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது புஷ் மட்டும் போட்டால் அது சீக்கிரமே தேயும். ஷாஃப்ட் ஸ்லீவையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அதைத் தேய்மானம் என்று எண்ணி வீசிவிடாதீர்கள். நம் போர்த் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம். சப்மெர்சிபிள் பம்புகளுக்கான ஐ.எஸ். 8034 தரம் எடுத்துக்கொள்ளும் தெளிந்த தண்ணீரின் கடினத்தன்மை 300 பி.பி.எம். வரைதான், நம் பக்கம் பல போர்கள் அதைத் தாண்டும். மென்மையான ஆசிட்டில் ஊறவைத்து, கழுவி, பிறகு அளந்து பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் ஃபைபர் முகம் கெடும். மோட்டார் உடம்பில் படிந்த உப்பையும் எடுக்க வேண்டும். அது போர்வை மாதிரி சூட்டை உள்ளே அடைத்து வைக்கும்.

மாற்ற வேண்டாதவை: மெக்கர் நன்றாகக் காட்டுகிற வைண்டிங் (கேபிளைக் கழற்றி மோட்டாரைத் தனியாகப் பார்த்தால் 10 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் மறுபடி இறக்கலாம்), ஆட்டம் இல்லாத கப்ளிங், நேராக இருக்கும் ஷாஃப்ட், இரண்டு மடங்குக்குள் இடைவெளி இருக்கும் ஸ்டேஜ்கள். "எடுத்ததுதான் எடுத்தோம், வைண்டிங்கும் போட்டுடலாம்" என்பதை ஏற்காதீர்கள். கம்பெனி வைண்டிங் பெரும்பாலும் ரீவைண்டிங்கைவிட நன்றாக இருக்கும். கேபிள் விஷயத்தில் மட்டும் யோசியுங்கள். 720 அடிக்கு 14 ஆம்பியரில் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் சுமார் 22 வோல்ட்டைத் தின்றுவிடும். 6 சதுர மி.மீ. சுமார் 15 வோல்ட்தான் இழக்கும். லைன் வோல்டேஜே குறைவாக வரும் ஊரில் அந்த ஏழு வோல்ட் பெரிது. கேபிள் எப்படியும் கெட்டிருந்தால் மட்டும் பெரிய அளவுக்குப் போங்கள்.

திரும்ப மாட்டும்போது நடக்கும் தப்புகள்தான் பல புதுப் பாகங்களைக் கொல்கின்றன. தண்ணீர் நிரப்பும் மோட்டார் என்றால் நல்ல குடிநீரை மெதுவாக ஊற்றி, ஆட்டி, குமிழி நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி நிரப்ப வேண்டும். காற்று மிஞ்சினால் மேல் புஷ் காய்ந்து ஓடும். தரையில் வைத்து "சுத்துதா பார்ப்போம்" என்று தண்ணீர் இல்லாமல் ஒரு நொடி ஓட்டுவதும் கூடாது. கேபிள் ஜாயிண்ட் மூன்றையும் ஒரே இடத்தில் போடாமல் முன்பின்னாகப் போடுங்கள். டேப் சுற்றியதும் டிரம் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்து, முக்கியபடியே மெக்கர் பாருங்கள். இறக்கிய பிறகு பார்த்துப் பயன் இல்லை. பவுல்களை இறுக்கியதும் ஷாஃப்ட் கையால் சுற்ற வேண்டும், ஒரு இடத்தில் கூடப் பிடிக்கக் கூடாது. போரின் அடிவரை இறக்காதீர்கள், சேறு மோட்டாரைச் சூழும். மோட்டார் பம்புக்குக் கீழே தொங்குகிறது. ஊற்று மேலே இருக்கிற போரில் தண்ணீர் மேலிருந்து வந்து சல்லடையிலேயே போய்விடும், மோட்டாரைத் தொட்டுக் குளிர்விக்காது. அப்படிப்பட்ட போரில் மோட்டாரைச் சுற்றி ஒரு பி.வி.சி. உறை போட்டு, கீழிருந்து தண்ணீர் ஏறும்படி செய்ய வேண்டும்.

மணல் வந்தால் பாகம் மாற்றும் முன் மணலை நிறுத்த வேண்டும். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலும் அரை மணி கழித்தும் ஒவ்வொரு கண்ணாடி பாட்டில் பிடித்து அசையாமல் வையுங்கள். முதலாவதில் மட்டும் கொஞ்சம் படிந்தால் அடிச் சேறு. கம்ப்ரஸரில் ஃபிளஷிங் செய்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டிலும் விரலில் நெருநெரு என்று மணல் இருந்தால் கேஸிங் பைப் (மேல் மண் போருக்குள் சரியாமல் தடுக்கும் குழாய்) பாறையில் சரியாக உட்காராமல் மேல் மண் சரிகிறது. அதைச் சரிசெய்யாமல் போடும் எந்த இம்பெல்லரும் நிற்காது.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பம்பா, போரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆறு மணி நேரம் நிறுத்தி டிரம் பிடிக்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். ஊற்று குறைவு என்று தெரிந்தால் மோட்டாரை எடுக்க வேண்டாம். ஆம்பியர் வழக்கத்தில் 75, 80 சதவீதத்துக்கு இறங்கினால் தானாக நிறுத்தும் டிரை ரன் ரிலே ஒன்றை ஸ்டார்ட்டரில் போட்டு, மறுபடி ஓட ஒரு மணி நேரம் டைமர் வையுங்கள். சொட்டுநீர் என்றால் ஒரு வால்வுக்கான நேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். முதல் டிரம்மே மெதுவாக நிரம்பி, மூடிய வால்வுச் சோதனையில் ஆஃப் செய்த பிறகும் கேஜ் முள் இறங்காமல் நின்றால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இப்போதைய தக்காளி அறுவடை முடிந்து, அடுத்த நாற்று நடும் முன் எடுங்கள். மெக்கர் 0.5-க்குக் கீழே என்றால் மட்டும் பயிரைப் பார்க்காமல் உடனே எடுங்கள்.

எடுக்கிற அன்று நீங்களும் பக்கத்தில் நின்று, கழற்றிய பாகம் எதையும் மெக்கானிக் கொண்டுபோக விடாமல் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். எந்த முகம் உரசியது என்று பிறகு பார்க்க வேண்டியிருக்கும். மோட்டார் ஆஃப் ஆனதும் உடனே ஆன் செய்யும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் குறைந்தது மூன்று நிமிடம் தாமதம் வைக்கச் சொல்லுங்கள். என்.ஆர்.வி. கசிந்தால் பைப் தண்ணீர் இறங்கும்போது பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த நேரத்தில் கரண்ட் வந்தால் கப்ளிங் உடையும். இறக்கி முடித்த அன்றே டிரம் நொடி, மூன்று ஆம்பியர், வோல்டேஜ், ஓய்வு மட்டம், மூடிய வால்வு அழுத்தம், மெக்கர் ஆறையும் தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் பெயிண்டில் எழுதிவிடுங்கள். நோட்டு தொலையும், கதவு தொலையாது.